பாலிஷ் போட்டால் போய்விடும்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ஹாரன் என்று பெயர். நேரில் பார்த்தால் "டீச்சர்" என்பார்கள். படியேறிப் போனதும் ஹாரன்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில், குரலெடுத்தால் மூன்றாம் மாடி வரை கேட்பது பிறவிக் குணம். இரண்டையும் சேர்த்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பட்டம் அது. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவது அவள். மாடிப்படி விளக்கு எரியவில்லை என்றால் கேட்பதும் அவள். மற்றவர்கள் கதவிடுக்கு வழியாக வேடிக்கை பார்ப்பார்கள். தண்ணீர் வந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுவதும் அவர்கள்தான்.

அவள் கணவர் வேறு மாதிரி. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. "தங்கமான மனுஷன், பாவம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் 'பாவம்' யாரை மனதில் வைத்துச் சொல்லப்படுகிறது என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. அவர் வாயில் அதிகம் புழங்கும் சொல் "விடு". வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் விடு, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் குப்பையைக் கொட்டினாலும் விடு. அவர் விட்டதையெல்லாம் அவள் போய்ப் பிடித்துக்கொண்டு வருவாள். நல்ல பெயர் அவருக்கு, ஹாரன் பட்டம் இவளுக்கு.

அவளுடைய கார் கருநீல நிறம், சின்ன வண்டி. அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முன்பு வேலை பார்த்த பயிற்சிப் பள்ளியில் ஓட்டை வண்டியை அவள் தலையில் கட்டிவிட்டு, நல்ல வண்டிகளை ஆண்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒருநாள் சாவியை மேஜையில் வீசிவிட்டு வெளியே வந்தவள், சொந்தமாக வாங்கிய கார் இது. பக்கவாட்டிலும் பின்னாலும் அதில் இல்லாத கோடு கிடையாது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தூணில் உரசுவார்கள், கேட்டில் இடிப்பார்கள். அதற்கெல்லாம் அவள் ஒரு நாளும் கோபித்ததில்லை. ஆனால் முன்னால் என்ஜினை மூடியிருக்கும் பானெட் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். "அந்த விளிம்பைப் பாரு, அதுக்கு நேரா ரோட்டோட ஓரம் வருதா, அப்படியே பிடிச்சுக்கிட்டுப் போ" என்று அதை வைத்துத்தான் அவள் பாடம் நடத்துவாள். பானெட் அவளுக்குக் கரும்பலகை.

ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். அன்று மதியம் கணவரின் தம்பி வந்து, நண்பன் ஒருவனை ரயிலடியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்று கேட்க, இவர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். வண்டி சாயங்காலமே திரும்பி வந்து நின்றது. மறுநாள் காலை, காய்ச்சல் விட்டு, வகுப்புக்குக் கிளம்பக் கீழே இறங்கியவள் பானெட்டில் வெயில் விழுந்திருந்ததைப் பார்த்தாள். பானெட் முழுக்க வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது போலக் கீறல்கள். கண்ணாடி போலிருந்த இடம் பழைய அலுமினியத் தட்டு போல வெளிறிக் கிடந்தது.

அவள் போட்ட சத்தத்தில் கணவர் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

"என்னது இது?" என்றார்.

அங்கேயே நின்றபடி தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஆமா அண்ணி, மரத்தடியில நிறுத்தியிருந்தேன். பறவை எச்சம் காஞ்சு பிடிச்சுக்கிச்சு. அப்படியே திருப்பிக் குடுத்தா நல்லா இருக்காதேன்னு பச்சை நார் வச்சுத் தேச்சேன்."

"பாத்திரம் தேய்க்கிற நாரா?"

"அதான் அண்ணி. லேசாக் கோடு விழுந்திருக்கு. பாலிஷ் போட்டா போயிடும்."

எப்போதும் அவனை "தம்பி, வாங்க, சாப்பிடுங்க" என்று பேசுகிறவள், அன்றைக்கு முதல்முறையாக ஒருமைக்கு இறங்கினாள். "போயிடுமா? அப்ப நீயே வந்து போடு. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில வர்ற. நீ தேச்சதை நீயே எடுத்துட்டுப் போற."

அவன் சரி என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. இதற்கிடையில் மாமியார் போன் செய்து, "சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான். பாலிஷ் போட்டா போயிடுமாமே" என்றார். சின்னப் பையனுக்கு முன்மண்டை வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. கணவரும் அதையே சொன்னார். வகுப்புக்கு வரும் வங்கிக் குமாஸ்தா அம்மாவும், வண்டியை நேராக ஓட்டத் தெரியாவிட்டாலும், அதையே சொன்னார். போயிடும், போயிடும் என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கார் கம்பெனிப் பட்டறையில் விட்டால் சில நாள் வண்டி அங்கே நிற்கும், வகுப்புகள் கெடும். நாமே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் நிதானம் கொஞ்சம்தான். மீதி முழுக்க வீம்பு.

கார் சாமான் விற்கும் கடைக்குக் கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அவருக்குக் காரில் டயர் எது, ஸ்டியரிங் எது என்பதற்கு மேல் தெரியாது. கடைக்காரர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"சொல்லுங்க சார், என்ன வண்டி? என்ன கலர்?"

"கருநீலம். பானெட் பூரா கீறல். பாலிஷ் மெஷின் வேணும்" என்றாள் அவள்.

"சார், இதுல ரெண்டு வகை இருக்கு" என்று கடைக்காரர் இன்னமும் சாரிடம்தான் சொன்னார். கணவர் பணிவாகத் தலையாட்டினார். கடைக்காரர் மேஜை மேல் இரண்டு மெஷின்களை வைத்தார். ஒன்று நீளமாக, கனமாக, தரை தேய்க்கும் இயந்திரத்துக்குத் தம்பி போல இருந்தது. இன்னொன்று கைக்கு அடக்கமானது.

"யார் சார் போடப் போறது?"

"நான்" என்றாள்.

கடைக்காரர் முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப இந்தச் சின்னது போதும் மேடம். லேடீஸுக்கு இதுதான். பெருசு கனம், உங்களால பிடிக்க முடியாது."

அவ்வளவுதான். வாரக்கணக்கில் உள்ளே அடைத்து வைத்திருந்த கோபம் முழுக்க அந்த ஒரு வார்த்தையில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இருக்கறதுலயே பலமானது எது?"

"பெருசுதான். ஆனா மேடம்..."

"அதைக் கட்டுங்க."

கணவர் அவள் காதருகே, "அவர் சொல்றதை ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார். பெரிய மெஷினோடு அதன் முனையில் மாட்டும் ஒரு கம்பளிப் பட்டையும், காம்பவுண்டு என்கிற தேய்க்கும் பசையில் இருப்பதிலேயே கரகரப்பானதும் வாங்கிக்கொண்டு, மெஷினை ஒற்றைக் கையில் தூக்கி, கடைக்காரர் பார்க்கும்படியாக நடந்து வந்தாள். தோள்பட்டை வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும், கார் நிறுத்துமிடத்தில் பிளக்கை மாட்டி, பானெட்டில் காம்பவுண்டைப் பிதுக்கி, விசையை அழுத்தினாள். மெஷின் துள்ளிக்கொண்டு பக்கத்துக்கு ஓடியது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, "போயிடுமா, போயிடுமா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். பானெட்டின் ஓரத்தில் தகரம் மடிந்து திரும்பும் இடத்துக்கு வந்தபோது பிளாஸ்டிக் எரிகிற மாதிரி ஒரு வாடை. நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்தாள். துணியெல்லாம் நீலம். அந்த மடிப்பில், உள்ளங்கை அளவுக்கு நீலம் மறைந்து, அடியில் இருந்த வெளிறிய சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

மாடி ஜன்னலிலிருந்து கணவர், "என்னாச்சு?" என்று கேட்டார். பதில் இல்லை என்றதும், "சரி விடு, பாத்துக்கலாம்" என்றார்.

அன்றைக்கு அவள் கத்தவில்லை. கத்துவதற்கு எதிரே ஆள் வேண்டும். மெஷினைத் தேர்ந்தெடுத்தது அவள், அழுத்தியது அவள். வண்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, தன்னையே நறநறவென்று கடித்துத் தின்றுவிடுவது போலக் கோபத்தோடு அந்தச் சாம்பல் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், நசுங்கிய கார்களைச் சரிபண்ணும் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த பெயிண்டர் வாயாடி. ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை.

"யாருக்கா இதைப் பண்ணது? எதிரியா?"

"நான்தான் அண்ணே."

"நல்லா இருக்கு" என்று அவர் திட்டைச் சுற்றிக் கையால் கோடு போட்டுக் காட்டினார். "பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குக்கா. உங்க கீறல் அந்தப் பூச்சுலதான் இருந்துச்சு. பாலிஷ்னா என்ன? பள்ளத்தை நிரப்பற வேலையா? சுத்தி இருக்கற மேட்டைச் சீவி சமமாக்கற வேலை. நீங்க பூச்சையும் சீவி, பெயிண்டையும் சீவிட்டீங்க. மடிப்புலயும் ஓரத்துலயும் பூச்சு சன்னமா இருக்கும். அங்க இந்த மெஷினை வச்சு ஏறி உக்காந்தா எது தாங்கும்? இந்த இடத்துக்கு இனிமே பெயிண்ட்தான். மத்த இடத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. நகம் மாட்டலன்னா பாலிஷ்ல போகும். மாட்டுச்சுன்னா போகாது."

அவள் நகத்தால் இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் மாட்டவில்லை. பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய கார் கதவைக் காட்டி, பழகிப் பார்க்க எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். "தாராளமா. அது மேல எவ்வளவு கோபம் வேணாலும் படுங்க" என்றார் பெயிண்டர்.

அந்தக் கடைக்கே மறுபடியும் போவதுதான் பெரிய பாடாக இருந்தது. தெருவில் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பினாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"கருகிடுச்சா மேடம்?"

"கருகிடுச்சு. அந்தச் சின்னது குடுங்க."

"அன்னைக்கே சொன்னேன்..."

"என்ன சொன்னீங்க?" குரல் ஏறியது. வைப்பர் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "லேடீஸுக்கு இதுன்னு சொன்னீங்க. புதுசாப் பழகறவங்களுக்கு இதுன்னு சொல்லியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன். நானும் தினமும் புதுசாப் பழகறவங்களைத்தான் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன். எடுத்ததுமே யாரையும் லாரியில ஏத்தறதில்ல."

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார். "வாஸ்தவம்தான்" என்றார் கடைசியில். "ஆம்பளைங்க வந்தா நான் அதையும் சொல்றதில்ல மேடம். பெருசைக் கேட்பாங்க, குடுத்துடுவேன். போன மாசம் ஒருத்தர் கார் கூரையில ஓட்டையே விழற மாதிரி பண்ணிட்டு வந்தார்."

அவளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. விடவில்லை. "சரி, இப்பச் சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னார். பெரிய மெஷின் ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றும். சின்னது சுற்றிக்கொண்டே அதிர்ந்து இடம் மாறும், அதனால் சீக்கிரம் சுடாது. அழுத்தினால் சுற்றுவதையே நிறுத்திக்கொள்ளும். புதியவர்களுக்கு அதுதான் காவல். கம்பளி வேண்டாம், ஸ்பாஞ்சுப் பட்டையே போதும்: கீறலை எடுக்கக் கொஞ்சம் விறைப்பானது, கடைசியில் பளபளப்புக்கு மிருதுவானது. அழுக்கேறினால் மாற்றிக்கொள்ள இரண்டிலும் ஒன்று கூடுதலாக. நடுத்தரக் காம்பவுண்ட் ஒரு புட்டி, மெல்லிய பாலிஷ் ஒரு புட்டி. துடைக்க மைக்ரோஃபைபர் துணிகள். மடிப்புகளையும் ஓரங்களையும் மூடி ஒட்டக் காகித டேப். "முதல்ல மிருதுவானதைப் போட்டுப் பாருங்க. அதுல போகலன்னாதான் அடுத்தது. எடுத்ததும் பலமானதுக்குப் போகாதீங்க." அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் தயங்கினார்.

பழைய கதவில் சில நாள் பழகினாள். முதலில் கை பழக்கதோஷத்தில் அழுத்தும். மெஷின் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். எடையை விட்டால் ஓடும். மெல்ல நகர்த்தினால் கீறல் எடுபடும், அவசரப்பட்டால் எடுபடாது. அவள் சுபாவத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறாத நேரமாகப் பார்த்து, காரை நன்றாகக் கழுவித் துடைத்து, மடிப்புகளில் டேப் ஒட்டி, பானெட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆரம்பித்தாள். பாதி முடிந்தது. வலது பாதியில் மேலே போகும் மின்கம்பி தெளிவாகத் தெரிந்தது, இடது பாதியில் இன்னும் சிலந்தி வலை. கணவர் துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அப்போதுதான் தம்பி வந்தான். சலவைச் சட்டை, கையில் ஒரு பை பழம்.

பானெட்டைப் பார்த்தான். "பாத்தீங்களா அண்ணி, நான் சொன்னேன்ல, போயிடும்னு."

அவள் மெஷினை அணைத்தாள். மேலே ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"போயிடுச்சுன்னா சொல்ற? இங்க பாரு, இந்தத் திட்டு. இது போகாது. இது நான் பண்ணது. ஆனா எதுக்குப் பண்ண வேண்டி வந்துச்சு? நீ தேச்ச. தெரியாமத் தேச்ச, சரி. கொண்டுவந்து நிறுத்திட்டு ஒரு வார்த்தை சொன்னியா? 'அண்ணி, இப்படி ஆயிடுச்சு'ன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு போன் கிடையாது. மூணாவது வாரம் பழத்தைத் தூக்கிக்கிட்டு வந்து 'பாத்தீங்களா'ன்ற."

தம்பி அவளைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, நீ சொல்லலியா?"

கணவர் துணியை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"என்ன சொல்லலியா?" என்றாள்.

"அண்ணி, அன்னைக்கு சாயங்காலமே நான் அண்ணன்கிட்டச் சொன்னேன். கோடு விழுந்துடுச்சு, அண்ணி எழுந்ததும் சொல்லிட்டுப் போறேன்னேன். 'அவளுக்குக் காய்ச்சல், நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு'ன்னாரு. ரெண்டு ஞாயித்துக்கிழமையும் கிளம்பினேன். அவர்தான் போன் பண்ணி, 'கோபமா இருக்கா, இப்ப வராதே'ன்னாரு. உங்ககிட்டச் சொல்லிட்டாருன்னுதான் நான் நெனச்சேன்."

அவளுக்குக் கண் முன்னால் அந்தக் காலை வந்து நின்றது: செருப்பில்லாமல் ஓடி வந்து, குனிந்து, விரலால் தடவி, "என்னது இது?" என்று கேட்ட மனிதர்.

"தெரிஞ்சேதான் குனிஞ்சு பாத்தீங்களா?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்த குரலில் அவள் பேசிக் கேட்டிராத தம்பி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"நீ கத்துவேன்னு..."

"நான் கத்துவேன்னு."

"சண்டை வேண்டாமேன்னுதான். ரெண்டு பேருக்கும் நடுவுல..."

"நடுவுல நின்னு ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னீங்க. அவன் வரலன்னு நான் அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன், நீங்க பக்கத்துல உக்காந்து 'விடு, சின்னப் பையன்'னு சொன்னீங்க. வரவேண்டாம்னு சொன்னதே நீங்க." இப்போது குரல் ஏறத் தொடங்கிவிட்டது, அது ஏறியதும் அவளுக்கே மூச்சு வந்தது போல இருந்தது. "வீட்டுக்காரர்கிட்டப் பேச நான், பக்கத்து வீட்டுல பேச நான். உங்க ஆஸ்பத்திரியில உங்களுக்கு லீவு குடுக்கலன்னு கேக்க வந்தது யாரு? நான். நீங்க பேச வேண்டியதையெல்லாம் நான் பேசறேன், அதனாலதான் நீங்க தங்கமான மனுஷன். ஊருக்கு நான் ஹாரன். அந்த ஹாரனை யாருங்க அழுத்தறது? என் சாவியை எடுத்துக் குடுக்கறப்ப என்னை ஒரு வார்த்தை எழுப்பிக் கேட்டீங்களா?"

அவள் மெஷினை எடுத்து, பாதியில் விட்ட கட்டத்தில் வைத்து விசையை அழுத்தினாள். மெஷின் உறுமியது, சுற்றவில்லை. மறுபடி வைத்தாள். உறுமிக்கொண்டே நின்றது. கோபத்தில் கை அவ்வளவு அழுத்திக்கொண்டிருந்தது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே போனாள். தம்பி பழப் பையைக் காருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த காம்பவுண்டை, மைக்ரோஃபைபர் துணியாகப் பார்த்து எடுத்து, மெதுவாகத் துடைத்தான்.

அந்த வாரம் வீட்டில் சத்தமே இல்லை. சமைத்தாள், வகுப்புக்குப் போனாள், வந்தாள். வங்கிக் குமாஸ்தா அம்மா நடுரோட்டில் வண்டியை நிறுத்தியபோதுகூட "சரி, மெதுவா எடுங்க" என்றுதான் சொன்னாள். அந்த அம்மா பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மூன்றாம் மாடிக்காரர்கள் படியில் கணவரை நிறுத்தி, டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்களா என்று விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் அவள் எதிரே உட்கார்ந்து தன் அம்மாவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் மாமியார் வழக்கம்போல ஆரம்பிக்க, "அம்மா, கொஞ்சம் கேளு" என்றார். "தம்பி அன்னைக்கே என்கிட்டச் சொல்லிட்டான். நான்தான் இவகிட்ட மறைச்சேன். அவனை வரவேண்டாம்னு சொன்னதும் நான்தான். இவ மேலயும் தப்பில்ல, அவன் மேலயும் இல்ல." மறுமுனையில் நீண்ட பேச்சு ஓடியது. அவர் வேர்த்துக்கொண்டு, "ஆமா, நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வைத்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு நான் கைதட்டணுமா?" என்று கேட்டாள். வாரம் முழுக்க அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

மீதிப் பாதி பானெட்டை ஞாயிற்றுக்கிழமை தனியாகவே முடித்தாள். ஓரத்துத் திட்டுக்குப் பெயிண்டர் வண்ணம் அடித்துக் கொடுத்தார். நிறம் ஒரு மாற்று கூடுதலாகவே நிற்கிறது. தெரிந்தவர்கள் பார்த்தால் தெரியும். தம்பி வருகிறான், போகிறான், மறுபடியும் "தம்பி, வாங்க" ஆகிவிட்டான். கணவர் மேலிருந்த கோபம் அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. சில நாள் குறைந்த மாதிரி இருக்கும். அவர் எதற்காவது குனிந்து பார்த்தால் உடனே திரும்ப வந்துவிடும்.

இப்படியே சில மாதம் ஓடிய பிறகு, ஒருநாள் வகுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவளை அவர் வாசலிலேயே மறித்தார். கையில் மிக்ஸி ஜாரின் மூடி, இரண்டு துண்டாக.

"இதை நான்தான் உடைச்சேன்" என்றார். "மேல் தட்டுல இருந்து எடுக்கறப்பக் கை தவறிடுச்சு."

அவள் செருப்பைக் கழற்றாமலேயே ஆரம்பித்தாள். போன மாதம்தான் வாங்கிய ஜார், மேல் தட்டில் வைக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது, கண் எங்கே இருந்தது, புத்தி எங்கே போனது. மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது. அவர் விடு என்று சொல்லவில்லை, அறைக்குள் போய்விடவும் இல்லை. இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும் வரை நின்று கேட்டார்.